கடலைக் காட்டில் மேய்வது முயல் மட்டும்தானா?

கேள்வி: "ஐயா, திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் எங்கள் ஊர். இரண்டு ஏக்கர் மானாவாரியில் ஆடிப்பட்டத்துக்கு நிலக்கடலை போட்டு, ஊடே தட்டைப்பயறு விதைத்தேன். விதைத்த வாரமே அங்கங்கே கிளறி விதையைக் காணோம். முளைத்து நாலு இலை விட்டதும் ஓரத்து வரிசைகளில் குருத்தைக் கத்தரித்துப் போட்டிருந்தது. ராத்திரி டார்ச் அடித்தால் முயல் ஓடுகிறது. காய் பிடித்த பிறகு ஒரே இரவில் ஒரு மூலை முழுக்க உழுது போட்டது போல ஆகிவிட்டது. மிச்சச் செடிகள் பச்சையாகத்தான் நின்றன, பிடுங்கினால் பாதிக் காய் இல்லை. இந்த முயலை எப்படி ஒழிப்பது? பக்கத்துக் காட்டுக்காரர் மோட்டார் லைனிலிருந்து கம்பி இழுக்கச் சொல்கிறார். இன்னொருவர் குருணையாக வரும் பூச்சிமருந்தை அரிசியில் கலந்து வைக்கச் சொல்கிறார். ஆஸ்திரேலியாவில் நோய்க்கிருமியை விட்டே முயலை அழித்தார்கள் என்று மச்சான் வீடியோ அனுப்பினார். அது இங்கே கிடைக்குமா? காப்புக்காடு எங்களுக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இன்னொன்று, வரப்போரம் கிடந்த முயல்குட்டி ஒன்றை நேற்று மகள் எடுத்து வந்து பெட்டியில் வைத்திருக்கிறாள். வளர்க்கலாமா?"

பதில்:

உங்கள் கடிதத்தில் பழி முழுக்க முயல் மேல் விழுந்திருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் கண்ணில் பட்டது அது ஒன்றுதான் என்பதால் அப்படித் தோன்றும். ஆனால் நீங்கள் சொல்லும் சேதங்களைப் பார்த்தால் நாலு பிராணிகள் அடுத்தடுத்து உங்கள் காட்டுக்குள் வந்து போயிருக்கின்றன. யார் எதைத் தின்றது என்று பிரித்துக்கொள்ளாமல் வேலி, மருந்து என்று செலவு செய்தால் பணம்தான் போகும்.

விதைத்த வாரத்தில் கிளறி விதையை எடுத்தது பெரும்பாலும் மயில். முயல் மண்ணைக் கிளறி விதை தேடாது. ஈர மண்ணில் மூன்று விரல் முன்னால் நீண்ட பெரிய காலடி இருந்திருக்கும், அடுத்த முறை காலையில் வெயில் ஏறுமுன் போய்ப் பாருங்கள். காக்கையும் எடுக்கும், ஆனால் அது முளை வெளியே தெரிந்த பிறகு வரிசை பிடித்துக் கொத்திக்கொண்டு போகும்.

குருத்தை வெட்டியது முயல்தான், அதில் சந்தேகமில்லை. முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்த்து வெட்டியது போலச் சுத்தமாக இருக்கும். ஆடு கடித்தால் நார் இழுபட்டுக் கிழிந்திருக்கும். பக்கத்திலேயே சுண்டைக்காய் போல உருண்டையான உலர்ந்த புழுக்கை கிடக்கும், உடைத்தால் உள்ளே வெறும் நார்தான். முயல் ஓரத்து வரிசைகளில்தான் மேயும், ஆபத்து என்றால் உடனே புதருக்குள் பாய வேண்டுமே.

மூலையை உழுது போட்டது காட்டுப்பன்றி. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன்.

செடி பச்சையாக நிற்க, அடியில் காய் மட்டும் காணாமல் போனது எலியின் வேலை. மானாவாரிக் கடலையில் இதைச் செய்வது பெரும்பாலும் வெள்ளெலி, வரப்போரத்தில் கரம்பை எலியும் சேர்ந்துகொள்ளும். செடியைச் சாய்க்காமல் பக்கவாட்டில் மண்ணைப் பறித்துக் காயை மட்டும் கழற்றிக்கொண்டு போய் வளையில் சேர்க்கும். வளை வாயில் கடலைத் தோடு குவிந்திருக்கும். இந்த நாலு பேரில் உங்களுக்கு அதிக நட்டம் செய்தது எலி என்றே நினைக்கிறேன். பன்றி வந்த அன்று ஊரே வந்து பார்த்திருக்கும். எலி மாதக்கணக்கில் எடுத்தது அறுவடை அன்றுதான் உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

இனி முயல். நம் ஊர்க் காட்டுமுயல் பிடரியில் கருப்புத் திட்டு உள்ள இனம். வளை தோண்டாது. புல்லிலோ புதரடியிலோ உடம்பு பதியும் அளவுக்கு ஒரு பள்ளம் செய்துகொண்டு பகல் முழுக்க அசையாமல் கிடக்கும், இருட்டியதும் மேயக் கிளம்பும். கடலை, பயறு, மிளகாய் நாற்று எல்லாம் இளசாக இருக்கும்போதுதான் அதற்கு ருசி. தண்டு முற்றிவிட்டால் அதிகம் தொடாது. ஆகவே முளைத்ததிலிருந்து சுமார் ஐந்து ஆறு வாரம் தடுத்துவிட்டால் போதும். அதற்கு முயலை ஒழிக்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே வராமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஒழிக்கச் சட்டமும் இடம் கொடுக்காது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 2022-இல் அதைத் திருத்தினார்கள், திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி காட்டுமுயல், சட்டம் பாதுகாக்கும் விலங்குகளின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கண்ணி வைத்தாலும் வலை விரித்தாலும் நாய் விட்டுப் பிடித்தாலும் அது வேட்டைதான். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொங்கல் சமயத்திலும் சிவராத்திரிச் சமயத்திலும் சில ஊர்களில் வழக்கம் என்று முயல் வேட்டைக்குக் கிளம்புவதும், வனத்துறை பிடித்து அபராதம் போடுவதும் நீங்கள் கேள்விப்பட்டதுதான். "என் காட்டில் மேய்ந்தது, பிடித்தேன்" என்று சொன்னாலும் வழக்கு நிற்கும்.

மச்சான் அனுப்பிய வீடியோவுக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் தொல்லை கொடுப்பது ஐரோப்பாவிலிருந்து போன குழிமுயல், வேறு இனம். மண்ணுக்குள் வளை வெட்டிக் கூட்டமாக வாழும். தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டைப் பொழுதுபோக்குக்காக 1859-இல் விக்டோரியா மாநிலத்தில் இரண்டு டஜன் போலத் திறந்துவிட்டார். கட்டுப்படுத்தும் எதிரி அங்கே போதுமான அளவு இல்லாததால் அம்பது அறுபது ஆண்டுக்குள் கண்டத்தின் பெரும்பகுதியில் பரவிவிட்டன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1,800 கிலோமீட்டருக்கு மேல் வேலி போட்டார்கள், 1907-இல் வேலி முடிவதற்குள் முயல்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. 1950-இல் மிக்சோமா என்ற கிருமியை விட்டார்கள். முதலில் கொத்துக் கொத்தாகச் செத்தன. பிறகு தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது, கிருமியும் வீரியம் குறைந்தது. அடுத்து இன்னொரு கிருமியை ஒரு தீவில் வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கும்போதே, 1995-இல் அது தீவைத் தாண்டிப் பெருநிலத்துக்குப் போய்விட்டது. இத்தனைக்குப் பிறகும் அங்கே முயல் இருக்கிறது.

அந்த வீடியோக்களில் கேரட் துண்டில் கலந்து போடும் 1080 என்ற விஷத்தையும் காட்டியிருப்பார்கள். அந்த நஞ்சு மேற்கு ஆஸ்திரேலியாவின் சில செடிகளில் இயற்கையாகவே இருக்கிறது. அதனால் அங்குள்ள சில விலங்குகள் அதை ஓரளவு தாங்கும், வெளியிலிருந்து வந்த முயலும் நரியும் செத்துவிடும். நம் காட்டில் அதைப் போட்டால் முதலில் போவது உங்கள் வீட்டு நாயாகத்தான் இருக்கும். தவிர, அங்கே குழிமுயல் வந்தேறி. இங்கே காட்டுமுயல் காலகாலமாக இருக்கிறது, அதைத் தின்னக் குள்ளநரி, காட்டுப்பூனை, கொம்பன் ஆந்தை எல்லாம் இருக்கின்றன. அந்த ஊர் வைத்தியம் இந்த ஊருக்குப் பொருந்தாது என்று மச்சானிடம் சொல்லிவிடுங்கள்.

மோட்டார் லைன் கம்பி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், செய்யாதீர்கள். பக்கத்துக் காட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கம்பியில் பன்றிதான் மிதிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன, நிலத்துக்காரர் கைதானார். யானை உங்கள் ஊருக்கு வராது என்றாலும் விடியற்காலையில் தண்ணீர் கட்டப் போகிறவர், மாடு தேடிப் போகிற பையன் வருவார்கள். மறந்துபோய்க் கால் வைத்துச் செத்தவர்களில் கம்பி கட்டியவரே இருந்த செய்திகளும் உண்டு. மின்திருட்டு வழக்கு, வனவிலங்கு வழக்கு, ஆள் செத்தால் அதற்கொரு வழக்கு. இரண்டு ஏக்கர் கடலை விளைச்சல் வக்கீலின் முதல் வாய்தாவுக்குக் காணாது. தீனிக்குள் நாட்டுவெடியை ஒளித்து அவுட்டுக்காய் வைப்பதும் இதே கணக்குத்தான்.

குருணை மருந்து கலந்த அரிசியை முயல் தின்னாது, அது தழை மேயும் பிராணி. தின்னப்போவது மயில். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, மூன்று முதல் ஏழு ஆண்டு வரை உள்ளே போகலாம். மயில் செத்துக் கிடந்தால் இரைப்பையை அறுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள், எந்த மருந்து என்று தெரிந்துவிடும். அப்புறம் கோழி, ஆடு, செத்ததைத் தின்ற நாய் என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் பயிர்க்காலத்தின் வரிசைப்படியே போவோம்.

விதைப்புக்கு முன்பே, கோடையில், எலியிலிருந்து தொடங்குங்கள். அப்போது காட்டில் தீனி இல்லை, எலியும் குறைவு, வளையும் நன்றாகத் தெரியும். சாயங்காலம் வரப்பிலும் கரையிலும் உள்ள எல்லா வளை வாயையும் மண் போட்டு அடைத்துவிடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. அதை வெட்டிப் பிடிக்கலாம், அல்லது வாயருகே தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறி வைக்கலாம். மூங்கில் வில்லும் கயிறும்தான், செலவு அதிகமில்லை. வெட்டத் தெரிந்த ஆட்கள் உங்கள் பக்கத்தில் இருந்தால் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். எந்த வளைக்கு எங்கே மறுவாய் இருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

விஷம் வைத்தே ஆக வேண்டும் என்றால் புரோமோடயலோன் கட்டியை உயிருள்ள வளைக்குள் தள்ளி வாயை அடைத்துவிடுங்கள், வெளியே இறைக்காதீர்கள். ஜிங்க் பாஸ்பைடைக் கடைக்காரர் கொடுத்தாலும் வேளாண் உதவி அலுவலரிடம் கேட்காமல் கையால் தொட வேண்டாம், அதற்கு முறிமருந்து கிடையாது. முதல் தடவை பாதி தின்று பிழைத்த எலி அடுத்த தடவை கிட்டேயே வராது என்பது இன்னொரு தொல்லை. செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவற்றைத் தின்னும் கூகையும் சாரைப்பாம்பும் போய்விடும். இலவசமாக எலி பிடித்துக் கொடுக்கிற இந்த இரண்டையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது. ஆந்தை வந்து உட்கார, ஆள் உயரத்துக்கு மேலே, டி வடிவத்தில் பத்துப் பதினைந்து கம்புகள் நட்டு வையுங்கள். வரப்பு அகலமாக இருந்தால் செதுக்கிக் குறையுங்கள். ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரம் போதும், அதில் எலிக்குக் குடித்தனம் பண்ண இடம் போதாது. ஆனால் நீங்கள் மட்டும் செய்து பக்கத்துக் காட்டுக்காரர் சும்மா இருந்தால் ஒரு மாதத்தில் அங்கிருந்து குடிவந்துவிடும். நாலு பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் செய்ய வேண்டிய வேலை இது.

மயிலுக்கு முதல் இரண்டு வாரம்தான் கவனம் தேவை. விதையை மேலாகத் தூவி மூடாமல் இரண்டு அங்குல ஆழத்தில் விழும்படி பாருங்கள். பளபளக்கும் ரிப்பனைக் கம்பு நட்டுக் குறுக்கே கட்டுங்கள். கட்டும்போது இரண்டு மூன்று முறுக்கு விட்டால்தான் காற்றில் விர்ரென்று சத்தம் வரும், மின்னும். விதைத்த அன்றே கட்டி, முளை தேறியதும் அவிழ்த்துவிடுங்கள். ஆண்டு முழுக்கத் தொங்கவிட்டால் மயில் அதன் மேலேயே வந்து உட்காரும்.

முளை வந்ததும் முயல் வேலி. மூன்றடி உயரக் கோழிவலை போதும், வலையின் கண் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். முயல் எகிறிக் குதிப்பதைவிட அடியில் நுழையத்தான் பார்க்கும். அதனால் வலையின் அடிப்பக்கம் அரையடியை வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் படுக்க வைத்து மேலே மண்ணோ கல்லோ போடுங்கள். பலர் விடுவது இந்த அரையடியைத்தான், அப்புறம் வலை போட்டும் முயல் வருகிறது என்பார்கள். பழைய மீன்வலையும் சேலையும் கட்டுகிறவர்கள் உண்டு. சேலை சில நாளைக்குச் சரி. மீன்வலையைத் தொளதொளவென்று கட்டினால் கீரியும் பாம்பும் சிக்கிச் சாகும், இழுத்துக் கட்டுங்கள். வேலியைச் சுற்றி ஐந்தாறு அடிக்குப் புதரை வெட்டிவிட்டால், முயலுக்குப் பதுங்க இடமில்லாமல் பாதி நடமாட்டம் தானே குறையும்.

செலவைப் பற்றி ஒரு கணக்கு. உங்கள் இரண்டு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 360 மீட்டர். இதே போல அடுத்தடுத்து நாலு பேர் நிலம் சேர்த்து எட்டு ஏக்கரும் ஒரே சதுரமாக அமைந்து ஒரே வேலி போட்டால் சுற்றளவு 720 மீட்டர்தான். நிலம் நாலு மடங்கு, வேலி இரண்டு மடங்கு. ஆளுக்கு 180 மீட்டர் செலவு, அதாவது தனியாகப் போடுவதில் பாதி. நீளவாட்டு நிலமாக இருந்தால் கூட்டுவேலியில் லாபம் இன்னும் அதிகம். வரப்புத் தகராறு இருக்கும் இடத்தில் இதைப் பேசுவது கஷ்டம் என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் பேசிப் பாருங்கள்.

பன்றிக்குக் கோழிவலை நிற்காது, மூக்கால் தூக்கி எறிந்துவிடும். அது மோப்பத்தில் வாழும் பிராணி, கண் அவ்வளவு கூர்மையில்லை. முடித்திருத்தகத்திலிருந்து தலைமுடி வாங்கி ஓரத்தில் தூவுவது, முட்டைக் கரைசல் தெளிப்பது, ஊர்ப்பன்றிச் சாணத்தைக் கரைத்து ஊற்றுவது என்று பல முறைகள் சொல்வார்கள். எல்லாமே சில நாள் வேலை செய்யும், அப்புறம் பன்றிக்குப் பழகிவிடும். மழை பெய்தால் வாசம் போய்விடும். ஆகவே காய் முற்றும் கடைசி ஒரு மாதத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நாலைந்து நாளுக்கொருமுறை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஓரத்தில் நாலு வரிசை ஆமணக்கை நெருக்கி விதைப்பது இதைவிட நல்லது. பன்றிக்கு அந்த வாசமும் ருசியும் ஆகாது. கடலையில் முட்டையிட வரும், புழுவாகி இலையைத் தின்னும் புரோடீனியாப் பூச்சியையும் ஆமணக்கு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நம் பெரியவர்கள் கடலைக் காட்டோரம் ஆமணக்குப் போட்டது வீணில்லை.

நிரந்தரமாகச் செய்ய நினைத்தால் சூரிய மின்வேலி. இதையும் மோட்டார் லைன் கம்பியையும் ஒன்றாக நினைக்காதீர்கள். இது 12 வோல்ட் பேட்டரியில் ஓடி, விநாடிக்கு ஒருமுறை போல மிகச் சிறிய நேரத்துக்கு உதறும், சுருக்கென்று இருக்கும், கொல்லாது. பன்றிக்குக் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஓரடிக்குள் இருக்க வேண்டும். கம்பியில் புல் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், வாரம் ஒருமுறை செதுக்க ஆள் இல்லையென்றால் வாங்காமல் இருப்பதே மேல். 2023-இல் தமிழக அரசு மின்வேலிகளுக்கென்று விதிகள் கொண்டு வந்திருக்கிறது, காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் மாவட்ட வன அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்கு நாலு கிலோமீட்டர்தான், கேட்டுவிட்டுப் போடுங்கள். மானியம் இந்த ஆண்டு உண்டா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரியுங்கள்.

பன்றி விஷயத்தில் உங்களுக்குச் சட்டப்படி இன்னொரு வழியும் இருக்கிறது. 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவார்கள். மூன்றைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்கள் சுடலாம். நீங்கள் நாலாவது கிலோமீட்டரில் இருக்கிறீர்கள். கவனியுங்கள், சுடுவது அவர்கள், நீங்களோ ஊரில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவரோ இல்லை. செத்த பன்றியின் கறியைப் பங்கு போடுவதும் கூடாது.

இதற்கு மனு எழுதும்போது வெறுமனே "பன்றித் தொல்லை" என்று எழுதாமல் சேதமான இடத்தைத் தேதியோடு படமெடுத்து, குளம்புத் தடம் தெரிய இன்னொரு படம் எடுத்து, சர்வே எண், பரப்பு, பயிரின் வயது எல்லாம் எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பயிர்ச்சேத இழப்பீட்டுக்கும் இதே காகிதங்கள்தான் வேண்டும். சேதமான செடிகளை அவர்கள் வந்து பார்க்கும் வரை அப்புறப்படுத்த வேண்டாம். ஊரில் பத்துப் பேர் சேர்ந்து கொடுத்தால் சீக்கிரம் வருவார்கள், இது எழுதப்படாத விதி.

கடைசியாக மகள் எடுத்து வந்த முயல்குட்டி. அது பெரும்பாலும் தாயில்லாக் குட்டியாக இருக்காது. காட்டுமுயல் குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, உடம்பில் முடியோடு இருக்கும். தாய் அதைத் தனியாகப் படுக்க வைத்துவிட்டு விலகிப் போய், இருட்டிய பிறகு வந்து கொஞ்ச நேரம் பால் கொடுத்துவிட்டுப் போகும். பகலில் தாயைக் காணோமே என்று எடுத்துவிடக் கூடாது. பசும்பால் அதற்கு ஒத்துக்கொள்ளாது, வயிறு போய்ச் செத்துவிடும். வீட்டில் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். இதைப் படித்ததும் இன்று சாயங்காலமே, எடுத்த அதே இடத்தில், நாய் அண்டாத புதரடியில் மகளையே விடச் சொல்லுங்கள். கை பட்டதால் தாய் சேர்க்காது என்ற பேச்சை நம்ப வேண்டாம். குட்டிக்குக் காயம் இருந்தாலோ, நாய் கவ்வியிருந்தாலோ மட்டும் விடாமல், துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி போட்டு வைத்து, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.